சுவர்ப் பக்கத்து இறக்கை

போன வாரம் நம் வாட்ஸப் குழுவில் உங்களில் ஒருத்தர் எழுதியிருந்தீர்கள்: "நம்ம குவார்ட்டர்ஸ்லயே பெஸ்ட் கொலு கார்டு வீட்டுக் கொலுதான். மீனாட்சி பக்கத்துல நிஜக் கிளி உட்கார்ந்திருக்குமே, ஞாபகம் இருக்கா?" அதற்குக் கீழே வரிசையாக இதயம், கைகூப்பல், கண்ணில் நீர் வரும் மஞ்சள் முகம். மூட்டு வலியையும் சர்க்கரையையும் மறந்துவிட்டு எல்லாரும் ஒரு நாள் முழுக்க அந்தக் கிளியைக் கொஞ்சினீர்கள். நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை. "என்ன, உங்க வீட்டுக் கிளி, நீயே பேச மாட்டேங்கறே?" என்று ஒருத்தி தனியாகக் கேட்டாள். பேசுகிறேன். உங்களில் சிலர் அந்த விஜயதசமி அன்று எங்கள் வீட்டுப் பின்பக்கம் நின்று பார்த்தவர்கள்தான். பார்த்ததை மறந்துவிட்டு அழகை மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறீர்கள். கொடுத்து வைத்தவர்கள்.

மைசூர் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த நம் குவார்ட்டர்ஸை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காலையில் துவைத்துப் போட்ட வெள்ளைத் துணி மத்தியானத்துக்குள் கரி படிந்து சாம்பலாகிவிடும். நீராவி எஞ்சின் பெருமூச்சு விட்டால் எங்கள் சமையலறைத் தட்டுகள் கிணுகிணுக்கும். அப்பா சாமராஜநகர் பாசஞ்சரில் கார்டு. பெயரும் நம்பரும் எழுதின அவருடைய தகரப் பெட்டி வாசலில் உட்கார்ந்திருந்தால் அப்பா வீட்டில் இருக்கிறார் என்று அர்த்தம். அதற்குள் சிவப்புக் கொடி, பச்சைக் கொடி, விளக்கு, விசில், ஒரு டப்பா அவல். திறந்தால் மண்ணெண்ணெயும் வெல்லமும் கலந்து மணக்கும். அந்தப் பெட்டி எங்கே போயிற்று என்று இப்போது யாருக்கும் தெரியவில்லை.

கிளி அந்தப் பச்சைக் கொடியில் சுற்றித்தான் வீட்டுக்கு வந்தது. எனக்கு ஒன்பது வயது. ஆடி முடியப்போகிற நேரம். நஞ்சனகூடு ஸ்டேஷன் யார்டில் சரக்கு வண்டியிலிருந்து சிந்திய நெல்லைப் பொறுக்கக் கூட்டமாகக் கிளிகள் இறங்குமாம். பருந்து ஒன்று பாய்ந்ததில் எல்லாம் பறந்துபோய்விட, இது மட்டும் தண்டவாளத்துக்கு நடுவே வலது இறக்கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கிடந்திருக்கிறது. அப்பா வண்டியை விட்டு இறங்கி, கையிலிருந்த கொடியைப் போட்டு அமுக்கி எடுத்துக்கொண்டாராம். "கவர்மெண்ட் கொடியில எச்சம் போட்டுருக்கு, மெமோ குடுத்துரப் போறாங்க" என்று சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. "இந்த வீட்டுக்கு இது ஒண்ணுதான் கொறச்சலா இருந்தது" என்றாள்.

அப்பா அன்றைக்கே சட்டம் போட்டுவிட்டார். "இது நம்ம கிளி இல்ல. இறக்கை சரியாகிற வரைக்கும் நம்ம வீட்ல தங்கியிருக்கிற விருந்தாளி. விஜயதசமி அன்னிக்குக் காலைல நானே விட்டுடுவேன். பேர் எல்லாம் வைக்கக் கூடாது. பேர் வெச்சா மனசு வராது." நான் அழுதேன். "வார்த்தைன்னா வார்த்தை" என்றார். அப்பாவைப் பற்றி நீங்கள் எல்லாரும் சொல்வது அதுதானே, கார்டு சார் சொன்னால் சொன்னதுதான் என்று. அதையும் கடைசியில் பேசுவோம்.

முதல் வாரம் கிளி என்னை வெறுத்தது. மாம்பழக் கூடையைக் கவிழ்த்து அதற்குள் வைத்திருந்தோம். கையை நீட்டினால் கொத்தாது. பிடித்துக்கொண்டு திருகும். ஆள்காட்டி விரலில் அது போட்ட வெட்டு இன்னும் ஒரு கோடாக இருக்கிறது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள், அதாவது நீங்கள், வந்து கூடையைத் தட்டுவீர்கள். "கிளியே, ராமா சொல்லு" என்று கத்துவீர்கள். அது கூடையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, உடம்பை ஒல்லியாக்கிக்கொண்டு நிற்கும். எனக்கு அந்த நிற்பு நன்றாகத் தெரியும். பள்ளிக்கூடத்தில் கன்னடப் பாடம் ஒப்பிக்கச் சொன்னால் நானும் அப்படித்தான் நிற்பேன்.

யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. சும்மா உட்கார்ந்துதான் கண்டுபிடித்தேன். இரண்டு கண்ணாலும் நேராகப் பார்த்தால் அதற்குப் பயம். பக்கவாட்டில் திரும்பி, வேறு வேலையாக இருப்பது மாதிரி உட்கார்ந்தால் பயம் குறைகிறது. சீபேக்காயை, அதாவது கொய்யாவை, நான் முதலில் கடிக்க வேண்டும். கடித்து, நன்றாக மென்று, மிச்சத்தைக் கூடைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்து போக வேண்டும். திரும்பி வந்தால் விதைப் பகுதி மட்டும் காணாமல் போயிருக்கும். வலது கையை நீட்டினால் பின்னால் போகிறது, இடது கையை நீட்டினால் நிற்கிறது. மருந்து போட அதைப் பிடித்த கை வலது கை. அதனால் வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளப் பழகினேன். பள்ளிக்கூடத்திலும் அப்படியே நின்று டீச்சரிடம் அடி வாங்கினேன்.

அது கையிலிருந்து முதல்முதலாக வேர்க்கடலையை வாங்கின நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எடுக்கும்போது அலகு என் விரலைத் தொட்டது. உலர்ந்து, லேசாகச் சூடாக இருந்தது. கடிக்காமல், விரல் எது கடலை எது என்று பார்த்துப் பிரித்து எடுத்துக்கொண்டது. நான் மூச்சே விடவில்லை. பிறகு அது ஒற்றைக் காலில் நின்று, இறகைப் பொம்மென்று உப்பவைத்துக்கொண்டு, அலகை மெல்ல அரைக்க ஆரம்பித்தது. கரகரவென்று, தூரத்தில் யாரோ மாவு திரிக்கிற மாதிரி. நிம்மதியாக இருந்தால்தான் கிளி அப்படி அரைக்கும் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. பிற்காலத்தில் என் கல்யாணத்தன்று கூட எனக்கு அவ்வளவு பெருமையாக இல்லை. சொன்னால் என் வீட்டுக்காரர் கோபித்துக்கொள்வார், அவர் இந்தக் குழுவில் இல்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

ஆவணி பாதியில் நாக்கை மடித்து "ட்டொக் ட்டொக்" என்று தட்டினால் தரையில் தத்தித் தத்தி வரும். கொஞ்ச நாளில் நாற்காலி முதுகில் ஏறிற்று. பிறகு ஒரு நாள் ஜன்னல் கம்பியிலிருந்து கிளம்பி, ஹாலைக் குறுக்காகக் கடந்து, என் முன்னங்கையில் வந்து உட்கார்ந்தது. வலது இறக்கை கொஞ்சம் தாழ்ந்துதான் இருந்தது. இடது இறக்கை அதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்தது. அப்பா அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையைச் சோற்றில் வைத்தபடியே பார்த்தார். "பலே" என்றார். "இன்னும் கொஞ்சம் பலம் வரட்டும். தசரா முடியறதுக்குள்ள ரெடியாயிடும்."

அதற்குள் எனக்கும் மனசு மாறியிருந்தது. சாயங்காலம் ஆனால் ஸ்டேஷன் மரங்களுக்கு அடைய வரும் கிளிக் கூட்டம் கத்திக்கொண்டு நம் கூரைக்கு மேலே போகும். அந்தச் சத்தம் கேட்டதும் இது ஜன்னலுக்கு ஓடும். கழுத்தை நீட்டி ஒரே ஒரு தடவை பதில் கத்தும். அவை நிற்காமல் போய்விடும். அந்த ஒரு கத்தலைக் கேட்ட பிறகு அதை வைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசை எனக்குப் போய்விட்டது. அது கூட்டத்தோடு சேர்ந்து கூரைக்கு மேலே போவதை நான் கீழே நின்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அந்த வயதில் நான் எதையும் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

இனி அம்மாவின் மீனாட்சி.

அம்மா மதுரையிலிருந்து கல்யாணமாகி வந்தபோது கொண்டுவந்த பொம்மை அது. ஒரு முழ உயரம், பச்சை உடம்பு, சிவப்புப் புடவை. அரசிக்கெரேயிலிருந்து மாற்றலாகி வந்தபோது சாமான் ஏற்றின வண்டியில் வலது கையோடு கிளி உடைந்து போயிற்று. கை இருந்த இடத்தில் வெறும் களிமண். வருஷா வருஷம் அம்மா அந்த இடத்தில் ஒரு முழம் மல்லிகையைத் தொங்கவிட்டு மறைப்பாள். மைசூரில் கொலு என்றால் சும்மாவா. இங்கே வீட்டுக்கு வீடு ராஜா ராணி பொம்மையும் சந்தன மரத்து யானையுமாக ஜொலிக்கும். ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டு அம்மாள் ஒரு வருஷம் வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டே மல்லிகையை விரலால் விலக்கிப் பார்த்து, "அய்யோ, கை இல்வல்லாரீ" என்று சொல்லிவிட்டுப் போனாள். கை இல்லை என்பதை அம்மா பார்க்காதது போல. அம்மா அன்று இரவு சாப்பிடவில்லை. அவளுக்கு இந்த ஊர் கடைசி வரைக்கும் மாமியார் வீடுதான். எதைச் செய்தாலும் யாரோ பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பதாகவே இருந்தாள். இதை எழுதும்போது எனக்கு அவள்மேல் பரிதாபமும் வருகிறது. கோபம் அதற்காகக் குறையவில்லை.

யோசனை மாமாவுடையது. அம்மாவின் தம்பி, வேலை தேடி மைசூருக்கு வந்து எங்களோடு இருந்தவன். நல்லவன்தான். எனக்கு ஐஸ் வாங்கித் தருவான். எந்த வீட்டில் எது ஓடவில்லை என்றாலும் "நான் பாத்துக்கறேன்" என்று ஸ்க்ரூ டிரைவரோடு போய் அதை நிரந்தரமாக ஓடாமல் பண்ணிவிட்டு வருவான். "அக்கா, மீனாட்சிக்குக் கிளிதானே இல்ல? வீட்ல ஒண்ணு சும்மா தின்னுட்டு இருக்கே! பக்கத்துல ஒரு ஸ்டாண்டு அடிச்சு உக்கார வெச்சுட்டா, மைசூரே வந்து பாக்கும்."

அம்மாவின் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை.

மகாளய அமாவாசையன்று படி கட்டி ஒத்திகை பார்த்தார்கள். மூட்டைப்பூச்சி மருந்தும் பழைய பேப்பரும் மணக்க மணக்கப் பொம்மைகள் வெளியே வந்தன. கிளியை மீனாட்சிக்கு வலப்பக்கம் குச்சியில் உட்கார வைத்ததும் அது ஒரு நிமிஷம் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, படபடவென்று எழும்பி ஜன்னலுக்குப் போயிற்று. போகிற வேகத்தில் செட்டியார் பொம்மை விழுந்து மூக்கு உடைந்தது. மாமா காலில் நூல் கட்டலாம் என்றான். "கட்டிப் போட்டா திருடனைக் கட்டின மாதிரி இருக்கும். பாக்கறவங்க என்ன சொல்லுவாங்க" என்றாள் அம்மா. அதோடு நான் விஷயம் முடிந்தது என்று நினைத்துவிட்டேன்.

மறுநாள் மத்தியானம். அப்பா டூட்டியில். தசரா ஸ்பெஷல் வண்டிகள் ஆரம்பித்துவிட்டதால் அவர் வீட்டுக்கு வருவது குளிக்கவும் தூங்கவும்தான். மாமா என்னைக் கூப்பிட்டான். "பாப்பா, கிளிக்கு நகம் ரொம்ப வளந்துருச்சு பாரு. உன் கையைக் கீறுது. நறுக்கி விட்டுடலாம். நீ கூப்பிட்டாத்தான் அது வரும்." நான் இடது கையை நீட்டி நாக்கைத் தட்டினேன். அது ஜன்னல் கம்பியிலிருந்து கிளம்பி வந்து என் கையில் உட்கார்ந்தது. நகம் ஒன்றும் வளர்ந்திருக்கவில்லை. நான் அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் மாமா மேலே துண்டைப் போட்டான்.

அம்மாவின் தையல் கத்திரிக்கோல். துண்டுக்குள்ளிருந்து ஒரு இறக்கையை இழுத்து விசிறி மாதிரி விரித்தான். பச்சையும் நுனியில் நீலச் சாயலுமாக அது அவ்வளவு பெரிதாக இருக்கும் என்று எனக்கே தெரியாது. கிளி கத்தின கத்தல் நம் லைன் முழுக்கக் கேட்டிருக்கும். அம்மா குனிந்து பிடித்துக்கொண்டாள். அப்போது அவள் சொன்னது என் காதில் இன்னும் அப்படியே இருக்கிறது.

"டேய், அந்தப் பக்கம் வேண்டாம்டா. அது வர்றவங்களுக்குத் தெரியும். சுவர்ப் பக்கத்து இறக்கையை வெட்டு. அதுவும் இல்லாம, இது அடிபட்ட இறக்கை, பாவம்."

குச்சியில் மீனாட்சியைப் பார்த்து உட்கார்ந்தால் கிளியின் வலப்பக்கம் ஜனங்களுக்கு, இடப்பக்கம் சுவருக்கு. ஆக, அழகுக்கும் பாவத்துக்கும் பொருத்தமாக, அதன் உடம்பில் இருந்த ஒரே நல்ல இறக்கையை அடியோடு வெட்டினார்கள். பிற்காலத்தில் ஒரு கால்நடை டாக்டரிடம் வேறு வேலையாகப் போனபோது பேச்சுவாக்கில் கேட்டேன். வெட்டுவதே நல்லதில்லை என்றார். அப்படி வெட்டுகிறவர்களும் இரண்டு பக்கமும் சமமாக, வெளி இறகில் கொஞ்சம்தான் வெட்டுவார்களாம், அப்போதுதான் பறவை மெதுவாகத் தரைக்கு இறங்க முடியுமாம். ஒரே பக்கம் வெட்டினால் சுற்றிக்கொண்டு விழும் என்றார். இன்றைக்கு நம் ஊர்க் கிளியை வீட்டில் வைத்திருப்பதே சட்டப்படி குற்றம். அன்று எங்கள் வீட்டில் அதற்கெல்லாம் மாமாதான் டாக்டர்.

வெட்டின இறகுகளை அம்மா பேப்பரில் கூட்டி எடுத்து வெந்நீர் அடுப்பில் போட்டாள். முடி பொசுங்கின நாற்றம் வந்தது. அதற்கு சாம்பிராணி போட்டாள். நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து ஏங்கி ஏங்கி அழுதுகொண்டிருந்தேன். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கண்ணைத் துடைத்தாள்.

"இறகு தானே, மறுபடி வளந்துடும். வளந்ததும் விட்டுடலாம். அப்பாகிட்ட நானே பக்குவமா சொல்லிக்கறேன். நீ சொல்லக் கூடாது. தெரியுதா?"

நான் தலையாட்டவில்லை. என் கையைப் பிடித்துத் தன் உச்சந்தலையில் வைத்து அழுத்தினாள். எண்ணெய்ப் பிசுக்கும், நடு வகிட்டின் சூடும். "என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணு. சொன்னே, அம்மாவை நீ உயிரோட பாக்க மாட்டே."

நான் சத்தியம் பண்ணினேன். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அது பேச்சு வழக்கு என்று தெரியாது. சொன்னால் அம்மா செத்துவிடுவாள் என்று நூற்றுக்கு நூறு நம்பினேன். அதனால், பேசாமல் இருந்தது என் தப்பு என்று உருகி எழுதுவேன் என எதிர்பார்க்காதீர்கள். என் தப்பு இதில் ஒன்றுமில்லை. பல வருஷம் அப்படி நினைத்து வீணாய்ப் போனது போதும்.

முதல் நாள் கொலுவில் அது குச்சியிலிருந்து ஒரு தடவை எழும்பப் பார்த்தது. சுருண்டு, நேராகப் படிக்குக் கீழே சுண்டல் தாம்பாளத்தில் விழுந்தது. மாமா எடுத்து மறுபடி உட்கார வைத்தான். அதற்குப் பிறகு அது அசையவில்லை. உடம்பை ஒல்லியாக்கிக்கொண்டு, கூடைக்குள் முதல் வாரம் நின்ற அதே நிற்பு. வந்தவர்கள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டு அம்மாள் தெருவையே கூட்டிக்கொண்டு வந்தாள். "நிஜவாத கிளினாரீ? எஷ்டு சாது!" என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். எவ்வளவு சாது, எவ்வளவு சாது என்று நீங்களும்தான் சொன்னீர்கள். அம்மா பட்டுப் புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, "எல்லாம் பழக்கம்தான். எங்க பாப்பா கையில அப்படிப் பழகியிருக்கு" என்றாள்.

நான் கூப்பிட்டால் அது வரவில்லை. இடது கையில் சீபேக்காயை வைத்துக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்தேன். நாக்கைத் தட்டினால் கண்ணின் கருமணி சட்டென்று சுருங்கும், பின்னால் நகரும். அதற்கு அந்தச் சத்தத்துக்குப் பிறகு துண்டு வரும். அதன் கணக்கில் தப்பே இல்லை.

அப்பா நடுவில் இரண்டொரு தடவை வந்தார். தூக்கக் கலக்கத்தோடு கொலுவைப் பார்த்து, "அட, ஜம்முனு உக்காந்திருக்கே" என்றார். அம்மா காப்பி கொடுத்தாள். நான் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தேன், இப்போது சொல்லுவாள், இப்போது சொல்லுவாள் என்று. அவளும் சொல்லத்தான் நினைத்திருப்பாள். இன்னொரு சாயங்காலம் கூட்டம் வந்து போகட்டும் என்று தள்ளிப் போட்டிருப்பாள். பாராட்டு ருசி அப்படி.

விஜயதசமி காலை. மத்தியானம் யானை ஊர்வலம் பார்க்கப் போவதற்காகக் குவார்ட்டர்ஸே தலைக்குக் குளித்துப் புதுத்துணியில் நின்றது. ஸ்டேஷன் மாஸ்டர் தம்பதியை அம்மா சிற்றுண்டிக்குக் கூப்பிட்டிருந்தாள். அப்பா இரவெல்லாம் ஸ்பெஷல் வண்டியில் நின்றுவிட்டு, வெள்ளை யூனிபாரம் கரியாக, கண் சிவந்து வந்தார். ஷூவைக் கூடக் கழற்றவில்லை. "விஜயதசமி வந்தாச்சு. வார்த்தைன்னா வார்த்தை" என்று நேராகக் கொலுவுக்குப் போய், கிளியை இரண்டு கையாலும் அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டார். வெட்டின பக்கம் அவர் சட்டைக்குள் புதைந்திருந்தது. "வாங்க சார், எங்க விருந்தாளியை வழியனுப்பிட்டு வந்துடலாம்" என்று ஸ்டேஷன் மாஸ்டரையும் கூட்டிக்கொண்டு பின்பக்கம் நடந்தார். சத்தம் கேட்டுப் பக்கத்து வீடுகளிலிருந்து நீங்களெல்லாம் வந்தீர்கள்.

நான் ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொண்டேன். "வேண்டாம்ப்பா. விடாதீங்கப்பா. இன்னிக்கு வேண்டாம்ப்பா." வேறு என்ன சொல்ல முடியும் எனக்கு? அம்மா செத்துவிடுவாளே.

அப்பா குனிந்து சிரித்தார். "நான் அன்னிக்கே சொன்னேன்ல, மனசு வராதுன்னு. பேர் வைக்காமலே இப்படி." ஸ்டேஷன் மாஸ்டர், "மக்களு அல்வா" என்று தலையைத் தடவினார். குழந்தை அல்லவா, அழத்தான் செய்யும் என்று. நான் திரும்பி அம்மாவைப் பார்த்தேன். சமையலறை வாசலில் கையில் கேசரிக் கிண்ணத்தோடு நின்றாள். மாமா அவளுக்குப் பின்னால். அம்மா ஒரு வார்த்தை சொன்னால் போதும், "என்னங்க, இருங்க" என்று. அவள் உதடு அசைந்தது. பக்கத்தில் ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டு அம்மாள் நின்றிருந்தாள். உதடு மூடிக்கொண்டது.

அப்பா கையை உயர்த்தி, தெய்வத்துக்குப் பூப்போடுகிற மாதிரி வானத்தில் வீசினார்.

அது பறக்கத்தான் பார்த்தது. ஒரு பக்கம் மட்டும் காற்றைப் பிடித்து, பம்பரம் மாதிரி சுற்றி, துணி துவைக்கிற தொட்டியின் கல் விளிம்பில் மோதித் தரையில் விழுந்தது. மோதின சத்தம் பெரிதாக ஒன்றுமில்லை.

அப்பா ஓடிப்போய் எடுத்தார். இடது இறக்கையை விரித்தார். அங்கே விரிப்பதற்கு ஒன்றுமில்லை, குட்டையாக நின்ற தண்டுகள்தான். "யார் வெட்டினது?" என்று கேட்டார்.

அம்மா பதில் சொன்னாள். "யாருக்குத் தெரியும்? முன்னாடி யாராவது வளத்த கிளியா இருக்கும்ங்க."

அப்பா அம்மாவைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். கூடி நின்ற எல்லாரையும் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நாளெல்லாம் நீதானே இதை வெச்சிக்கிட்டு இருந்தே? இறக்கை இப்படி இருக்குன்னு பாக்க மாட்டே? வேண்டாம் வேண்டாம்னு அழத் தெரிஞ்சுது, இதைச் சொல்லத் தெரியலையா? உன்னை நம்பி ஒரு உயிரைக் குடுத்தேனே." அத்தனை பேர் முன்னால் சொன்னார். யாரோ உச்சுக் கொட்டினீர்கள். யாரென்று எனக்குத் தெரியும், விடுங்கள்.

மத்தியானம் எல்லாரும் ஊர்வலம் பார்க்கப் போய்விட்டார்கள். நான் போகவில்லை. கிளியை மடியில் வைத்துக்கொண்டு கொலுவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். பாண்டு வாத்தியம் தூரத்தில் கேட்டது. வலது கையால் அதன் தலையைத் தடவினேன். பின்வாங்கவில்லை, கடிக்கவுமில்லை. கடித்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். வாத்தியச் சத்தம் ஓய்வதற்குள் செத்துப்போயிற்று.

அதற்குப் பிறகு அந்தக் கிளி எங்கள் வீட்டில் ஒரு பேச்சாகிவிட்டது. பால் பொங்கினால், சாவி தொலைந்தால், "இவகிட்ட ஒண்ணைக் குடுத்தா கிளி கதைதான்" என்பார் அப்பா. வேடிக்கையாகத்தான் சொல்வார். பள்ளிப் படிப்பு முடிந்து நர்சிங் சேர வேண்டும் என்று நான் கேட்டபோதும் வேடிக்கையாகத்தான் சொன்னார். "ஒரு கிளியோட இறக்கையைப் பாக்கத் தெரியல, நீ மனுஷங்களைப் பாக்கப் போறியா?" வீடே சிரித்தது. அம்மாவும் சிரித்தாள். நான் டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டு ஒரு ஆபீசில் தட்டித் தட்டி ரிடயர் ஆனேன். அம்மாவோடு எனக்கு ஒட்டாமலே போயிற்று. ஏன் என்று அவள் ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். அப்பா மட்டும்தான் எனக்கு. பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது, அவரையும் ஏமாற்றிவிட்டார்கள் என்று, அந்த வேடிக்கையை எல்லாம் பொறுத்துக்கொண்டேன்.

போன வருஷம் அம்மா போய்விட்டாள். காரியமெல்லாம் முடிந்து வந்தவர்கள் கிளம்பிப்போன பிறகு, அப்பா என் வீட்டுப் பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தொண்ணூறை நெருங்கினாலும் காதும் புத்தியும் கூர்மை. இனிமேல் யாரும் சாக மாட்டார்கள் என்று எனக்குத் தோன்றியது. சிரிக்காதீர்கள், அறுபது வயதுக்கு மேலும் அந்தப் பயம் உள்ளே இருந்திருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன்.

"அப்பா, அந்தக் கிளியோட இறக்கையை வெட்டினது மாமாதான். அம்மாதான் பிடிச்சுக்கிட்டா. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு அவ தலையில சத்தியம் வாங்கிட்டா. அதான் அன்னிக்கு என்னால சொல்ல முடியல."

அவர் அழுவார் என்று நினைத்தேன். என் கையைப் பிடித்துக்கொள்வார் என்று நினைத்தேன். நிதானமாக மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார்.

"தெரியும்மா" என்றார். "ஹால்ல அது பறந்ததை நானே பாத்திருக்கேனே. முன்னாடி வெட்டின கிளி எப்படிப் பறக்கும்? எடுத்துப் பாத்தப்பவே தெரிஞ்சுபோச்சு. வெட்டு புதுசு, கத்திரிக்கோல் பட்ட இடம் வெள்ளையா இருந்துது. உங்க மாமன் தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னான்."

"அப்புறம் ஏன் என்னை அப்படிச் சொன்னீங்க?"

"வேற என்ன பண்ணச் சொல்றே? ஸ்டேஷன் மாஸ்டர் குடும்பத்தோட நிக்கறார். அவர் முன்னாடி உங்கம்மாவைக் கேக்கறதா? மச்சானை வீட்டை விட்டு அனுப்பறதா? நல்ல நாளும் அதுவுமா." கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார், ரொம்ப அன்பாக. "நீ சின்னப் பொண்ணு. நாலு நாள்ல மறந்துடுவேன்னு நினைச்சேன்."

பிறகு, காப்பி கொஞ்சம் சூடாக வேண்டும் என்றார். போட்டுக் கொடுத்தேன். இன்னும் தினமும் போட்டுக் கொடுக்கிறேன். அம்மாமேல் இருந்த கோபம் பழகின கோபம். இதற்கு எனக்குப் பழக்கமில்லை, பழகிக்கொள்ள வயதும் இல்லை. உங்கள் குழுவில் ஒரு கைகூப்பல் போடாததற்குக் காரணம் இதுதான்.